இரவில் வியர்க்கும் குழாய்

யாழ்ப்பாணத்தில் புதிதாக ஏசி பூட்டிய வீடுகளில் ஓரிரு வருடங்களுக்குள் பலர் ஒரு கறையைக் காண்கிறார்கள். சீலிங்கில், சுவரோரமாக, மண்ணிறத்தில் ஒரு வட்டம். "ஏசி ஒழுகுது" என்று ஆளைக் கூப்பிடுகிறார்கள். வந்தவர் வடிகுழாயின் பொருத்துகளைப் பார்க்கிறார், பசை பூசி இறுக்குகிறார், போகிறார். இரண்டு கிழமையில் வட்டம் இன்னும் ஒரு சாண் அகன்றிருக்கிறது. பல வீடுகளில் அந்தக் குழாயில் ஓட்டையே இல்லை. உள்ளே ஓடும் தண்ணீர் ஒழுங்காக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் நிற்கும் காற்றிலிருந்த நீர்தான் குழாயின் வெளிப்புறத்தில் படிந்து, திரண்டு, சொட்டுகிறது. குழாய் வியர்க்கிறது.

ஒழுக்கையும் வியர்வையையும் பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. ஏசியை நிறுத்திச் சில மணி நேரம் விட்டு, குழாயைத் துடைத்து உலர்த்தி, உள்யந்திரத்தின் நீர்த்தட்டில் ஒரு போத்தல் சாதாரணத் தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். அதில் உடுப்புக்குப் போடும் நீலத்தைச் சிறிது கரைத்துக்கொள்ளலாம். நீலம் வெளியிலுள்ள வாயால் போய், குழாயின் அடிப்பக்கம் உலர்ந்தே இருந்தால் குழாயில் பழுதில்லை. மறுநாள் இரவு ஏசி ஓடும்போது அதே குழாயில் நிறமற்ற துளிகள் வரிசையாகத் தொங்கினால் அவை காற்று தந்த துளிகள். காத்திருக்கும் நேரத்தை விட்டால், இந்தச் சோதனையின் கைவேலைக்கு அரை மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் பொருத்துகளை மாற்றிக்கொண்டே இருப்பதில் வீணாகும் காசு அதிகம்.

நல்லூர்ப் பக்கத்து ஐஸ்கிறீம் கடையில் கண்ணாடிக் கிண்ணத்தின் வெளிப்புறம் நனைவதைப் பார்க்காதவர் இல்லை. அங்கே நடப்பதேதான் சீலிங்குக்கு மேலும் நடக்கிறது. காற்று ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஓர் அளவு நீராவியைத்தான் வைத்திருக்க முடியும். குளிரக் குளிர அந்த அளவு குறையும். எந்த வெப்பநிலைக்கு வந்ததும் இருக்கும் நீராவியே நிரம்பிய அளவாகிவிடுகிறதோ அதைப் பனிபடுநிலை என்று உயர்தரப் பௌதிகவியலில் படிக்கிறோம். அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். பனி வானத்திலிருந்து விழுகிறதா, நிலத்திலிருந்து எழுகிறதா என்று நெடுங்காலம் வாதிட்டார்கள். லண்டனில் மருத்துவராயிருந்த வில்லியம் சார்ள்ஸ் வெல்ஸ், இரவுகளில் தோட்டங்களில் சின்னக் கம்பளிப் பஞ்சுகளை வைத்து, காலையில் அவற்றின் நிறையைப் பார்த்து, 1814இல் பனி பற்றிய தமது நூலை வெளியிட்டார். குளிர்ந்த பரப்பு தன்னைத் தொட்டு நிற்கும் காற்றிலிருந்தே நீரை எடுக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. சீலிங் கறைக்கு இன்றும் அதுவே விளக்கம்.

ஏசி என்ற யந்திரமே ஈரத்தை அடக்கப் பிறந்தது. 1902இல் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில் ஈரக்காற்றால் கடதாசி விரிந்து சுருங்கியது; ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் நிறங்கள் பொருந்தாமல் போயின. இளம் பொறியியலாளர் வில்லிஸ் கேரியர் குளிர்ந்த சுருள்களின்மேல் காற்றைச் செலுத்தி அதன் ஈரத்தைப் பிழிந்தெடுக்கும் ஏற்பாட்டை வகுத்தார். இன்று நம் அறைச் சுவரில் தொங்கும் யந்திரமும் அதையே செய்கிறது. உள்ளேயுள்ள சுருள் பத்துப் பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அறைக்காற்றின் நீராவி அதில் படிந்து, தட்டில் விழுந்து, வடிகுழாய் வழியே போகிறது. 12,000 பி.ரி.யூ. (BTU) யந்திரம் ஒன்றின் குளிரூட்டலில் முப்பது வீதம் நீராவியை ஒடுக்குவதற்குச் செலவாகிறது என்று வைத்தால், மணிக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் கிடைக்கும். அது தட்டை விட்டு இறங்கும்போது சுமார் 14 பாகை. சீலிங்குக்கு மேலே உள்ள காற்றின் பனிபடுநிலை 14க்குக் கீழே இருந்தால் இந்தக் குழாய் எங்கே போனாலும் உலர்ந்தே இருக்கும். குடாநாட்டின் காற்று அப்படிப்பட்டதல்ல.

இங்கே ஒரு மயக்கம் இருக்கிறது. யாழ்ப்பாணம் உலர் வலயம். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. மற்ற மாதங்களில் கிணற்றை நம்பியே தோட்டம். அதனால் காற்றும் உலர்ந்ததென்று நினைக்கிறோம். உலர் வலயம் என்பது மழையின் கணக்கு. காற்றிலுள்ள நீராவியின் கணக்கு வேறு. மூன்று பக்கமும் ஆழங்குறைந்த வெதுவெதுப்பான கடல், நடுவே கடனீரேரிகள். வலிகாமத்திலோ தென்மராட்சியிலோ வடமராட்சியிலோ எந்த ஊரும் உப்புநீரிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. சித்திரை பிறந்து சோளகம் வீசும் மாதங்கள் முழுவதும் பனிபடுநிலை 25, 26 பாகையை ஒட்டியே நிற்கும். ஒரு கன மீற்றர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி. ஈரத்துக்குப் பேர்போன நுவரெலியாவை எடுத்துக்கொள்வோம். 16 பாகையில் 85 வீதச் சாரீரப்பதன் (அந்த வெப்பநிலையில் காற்று வைத்திருக்கக்கூடிய நீராவியில் உண்மையில் இருக்கும் பங்கு) என்றாலும் அங்கே கன மீற்றருக்கு 12 கிராம்கூட இல்லை, பனிபடுநிலை பதின்மூன்றரை. அதே வடிகுழாயை நுவரெலியாவில் கூரைக்கடியில் போட்டால் வியர்க்காது. மூடுபனி மலையில் உலர்ந்து கிடக்கும் குழாய் வெயில் எரிக்கும் யாழ்ப்பாணத்தில் சொட்டுகிறது.

நம் பழைய வீடுகளுக்கு இந்தக் காற்றால் தொல்லையில்லை. நாற்சார் வீடும் சரி, பனங்கைமரத்தில் சிலாகை அடித்து ஓடு போட்ட சின்ன வீடும் சரி, காற்றை உள்ளே விட்டு வெளியே அனுப்பும் வகையில் கட்டப்பட்டவை. அவற்றுள் காற்றைவிடக் குளிர்ந்த பொருள் ஏதும் பெரிதாக இருக்கவில்லை. 1990 முதல் பல ஆண்டுகள் லக்சபான மின்சாரம் குடாநாட்டுக்கு இல்லை. போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு ஏசியின் வடிகுழாய் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு தேவையும் வரவில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு மின்சாரம் சீராக வந்தது, வெளிநாட்டுக் காசில் வீடுகள் எழுந்தன, விடுதிகளும் கடைகளும் வங்கிகளும் ஏசி பூட்டின. கொழும்பில் பல பத்தாண்டுகளில் மெல்ல மெல்லச் சேர்ந்த தொழிலறிவை இங்குள்ள மேசனும் வயர்மனும் ஏசி பெடியனும் சில வருடங்களில் கற்கவேண்டியிருந்தது. அவர்களைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அறைக்குள் குளிரை உண்டாக்குகிறோம். கூரைக்கடியை மட்டும் பழைய முறைப்படி ஓட்டிடுக்காலும் தாழ்வாரத்தாலும் வெளிக்காற்றுக்குத் திறந்தே விட்டிருக்கிறோம். அந்த வெளிக்காற்றின் நடுவே குளிர்க்குழாய் ஒன்றைப் படுக்கவைத்தால் என்ன நடக்கும் என்பது கட்டடம் கட்டும்போதே யோசிக்க வேண்டிய கேள்வி.

எவ்வளவு தடிப்பான காவலி வேண்டும்? கடையில் இன்சுலேசன் என்று கேட்டால் தரும் கறுப்பு இறப்பர் நுரை உறையைத்தான் சொல்கிறேன். பெரும்பாலும் கையில் இருப்பதைச் சுற்றுகிறார்கள். குழாய் எவ்வளவு குளிரோ அவ்வளவு தடிப்பு என்பது பொதுவான எண்ணம். அது பாதிதான் சரி. பின்னேரம் மூன்று மணிக்கு வெளிக்காற்று 32 பாகை, சாரீரப்பதன் 70 வீதம் என்று வைப்போம். அதிகாலை மூன்று மணிக்கு 28 பாகை, 88 வீதம். இரண்டும் நமக்குப் பழக்கமான நிலைகள். இரண்டிலும் நீராவி ஏறத்தாழ ஒன்றே. பனிபடுநிலை இரண்டிலும் 25.8 பாகை. பகலில் காற்றுக்கும் பனிபடுநிலைக்கும் இடையே ஆறு பாகை இடைவெளி. உறையின் வெளிப்பரப்பு காற்றைவிட ஆறு பாகை குளிர்ந்தாலும் ஈரம் பிடிக்காது. இரவில் அந்த இடைவெளி இரண்டே பாகை. உறையின் வெளிப்பரப்பு காற்றோடு ஏறக்குறைய ஒத்த வெப்பநிலையில் இருந்தாக வேண்டும்.

25 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள குழாயில் 14 பாகைத் தண்ணீர், அசையாத காற்று, நல்ல இறப்பர் நுரை என்று வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். பகலுக்கு ஏழு மில்லிமீற்றர் தடிப்பு போதும். இரவுக்குப் பதினைந்து வேண்டும். கடைகளில் வரும் அளவுகளோடு ஒப்பிட்டால், அந்த இரவில் 9 மில்லிமீற்றர் உறையின் வெளிப்பரப்பு 24.4 பாகைக்கு இறங்கி நனைகிறது. அரை அங்குலம் எனப்படும் 13 மில்லிமீற்றர் உறை 25.5இல் நின்று மயிரிழையில் தோற்கிறது. முக்கால் அங்குலமான 19 மில்லிமீற்றர் உறை 26.3இல் உலர்ந்து நிற்கிறது. பகலில் வந்து குழாயைத் தொட்டுப் பார்த்து "காய்ஞ்சுதான் கிடக்குது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. குழாய் வியர்ப்பது எல்லோரும் தூங்கும் நேரத்தில். படுக்கையறை ஏசி ஓடுவதும் அந்த நேரத்தில்தான். எனவே யாழ்ப்பாணத்தில் காவலியின் தடிப்பை இரவைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

மாரிமழை பெய்து சாரீரப்பதன் 95ஐத் தாண்டும் இரவுகளில் இடைவெளி ஒரு பாகைக்கும் குறைந்துவிடும். அப்போது நடைமுறைக்கேற்ற எந்தத் தடிப்பும் முழுமையாகக் காக்காது. நல்லவேளையாக அந்த நாட்களில் ஏசியின் தேவை குறைவு.

எஸ்லோன் பைப் தானே, அது பிளாஸ்ரிக், வெப்பம் கடத்தாது, அதற்கெதற்கு உறை என்று கேட்பவர்கள் உண்டு. பீவீசி நல்ல கடத்தியல்ல என்பது உண்மை. செப்போடு ஒப்பிட்டால் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் கடத்தும். ஆனாலும் இரண்டு மில்லிமீற்றர் சுவரில் அந்தக் குணம் பயன்படுவதில்லை. உள்ளே 14 பாகை என்றால் வெளித்தோல் 16 பாகைக்குக் கிட்ட. பனிபடுநிலைக்கு இன்னும் பத்துப் பாகை கீழே. நுரைக்குள் சின்னச் சின்ன அறைகளில் அடைபட்ட வாயு பீவீசியைவிட ஐந்து மடங்கு குறைவாகக் கடத்துகிறது. தடிப்பும் பத்து மடங்கு கிடைக்கிறது. வேலை செய்வது அந்த அடைபட்ட வாயு.

உறை எவ்வளவு நீளத்துக்கு வேண்டும் என்பதில் இன்னும் சுவையான ஒரு விஷயம் இருக்கிறது. உறையில்லாத வடிகுழாய் முழு நீளமும் வியர்ப்பதில்லை. மணிக்கு ஒன்றரை லீற்றர் என்பது மெல்லிய ஒழுக்கு. சூழ்ந்த காற்றின் வெப்பமும், படியும் நீர் வெளிவிடும் மறைவெப்பமும் சேர்ந்து அந்தத் தண்ணீரை விரைவில் சூடாக்கிவிடும். முதல் மீற்றரிலேயே பல பாகை ஏறி, இரண்டு மூன்று மீற்றருக்குள் பனிபடுநிலையைத் தாண்டிவிடும். அதற்கப்பால் குழாய் உலர்ந்திருக்கும். இதைக் கண்டவர்கள் "முதல் மூன்று மீற்றருக்குச் சுத்தினால் போதும்" என்று ஒரு விதியை உண்டாக்கிக்கொள்கிறார்கள். ஆனால் சுற்றிய பிறகு கதை மாறிவிடுகிறது. உறை தண்ணீரைச் சூடாக விடுவதில்லை. 13 மில்லிமீற்றர் உறைக்குள் ஐந்து மீற்றர் ஓடியபின்னும் தண்ணீர் 21 பாகையில்தான் இருக்கும். அந்த இடத்தில் உறையை நிறுத்தினால், அதற்கடுத்த வெறுங்குழாய் வியர்க்கத் தொடங்கும். கறை அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் குடிபெயரும், அவ்வளவே. ஆகவே கட்டடத்துக்குள் இருக்கும் குழாய் முழுவதற்கும், வெளிச்சுவரைத் துளைத்து வெளியேறும் இடம் வரை, உறை தொடர வேண்டும். சுவர்த் துளைக்குள் இருக்கும் ஒரு சாண் துண்டையும் விடக்கூடாது. அங்கே ஊறும் ஈரம் சாந்துக்குள் போய்ப் பூச்சை உரிக்கும். வெளியே போனபின் சொட்டினால் சொட்டட்டும்.

விடுதி மண்டபங்களிலும் வைத்தியசாலைகளிலும் உள்ள பெரிய யந்திரங்களில் பல மடங்கு தண்ணீர் ஓடுவதால் அது சூடாக நெடுந்தூரம் எடுக்கும். அங்கே மூன்று மீற்றர் விதிக்கு இடமேயில்லை.

இனி உறையின் பொருள். மெத்தைக்குப் போடும் ஸ்பொஞ்சையோ பழைய துணியையோ சுற்றிப் பிளாஸ்ரிக் ரேப் ஒட்டியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அக்கறையோடு செய்த வேலைதான், ஆனால் நிலைக்காது. வெளிக்காற்றின் நீராவி அமுக்கம் குழாய்த் தோலருகே உள்ளதைப்போல் இரண்டு மடங்கு. அதனால் நீராவி இரவும் பகலும் உள்நோக்கியே தள்ளப்படுகிறது. ஸ்பொஞ்சின் துளைகள் ஒன்றோடொன்று திறந்தவை. நீராவி அவற்றினூடாகக் குழாய் வரை போய்ப் படிகிறது. துளைகளில் வாயு இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. நீர் அந்த வாயுவைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். நனைந்த ஸ்பொஞ்ச் காவலியாக இருப்பதை நிறுத்திவிட்டு, உலராத ஈரத்துணியாகிப் பூஞ்சணத்துக்கு வீடாகிறது. மூடிய அறைகளுள்ள இறப்பர் நுரை நீராவியை மிக மெதுவாகத்தான் விடும். ஆனால் அதன் பலம் அதன் நீளப் பிளவை ஒட்டுவதில் இருக்கிறது. பிளவை அதற்குரிய பசையால் முழுதாக ஒட்டாமல் ரேப்பை மட்டும் சுற்றினால், சில மாதங்களில் ரேப் தளர்ந்து வாய் பிளக்கும். அந்தக் கீற்றால் நீராவி உள்ளே போகும். முழங்கை வளைவுகளிலும், கம்பியால் இறுக்கித் தொங்கவிட்ட இடங்களிலும் நுரை நசுங்கி மெலிந்திருக்கும். 19 மில்லிமீற்றர் உறை கம்பிக்கடியில் ஐந்தாக நசுங்கினால் அந்த இடத்தில் அது ஐந்து மில்லிமீற்றர் உறைதான். துளி அங்கேதான் முதலில் தொங்கும். அகலமான பட்டியால் தாங்கிப் பிடிப்பது நல்லது. சரிவும் வேண்டும், மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றராவது. நெளிகுழாய் தொய்ந்து குளிர்நீர் தேங்கும் இடம் வியர்வைக்கு மிக வசதியானது.

யப்பானிய ஏசிகளோடு வரும் பொருத்தல் கையேடுகள் சிலவற்றில், கூரைக்கடியின் வெப்பநிலை 30 பாகையையும் சாரீரப்பதன் 80 வீதத்தையும் தாண்டும் இடங்களில் காவலி 20 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்று ஒரு குறிப்பு இருக்கும். எழுதியவர்களுக்கு அது விதிவிலக்கான நிலை. நமக்கு அந்த ஈரம் வைகாசியிலும் ஆனியிலும் வழமை. அந்தக் குறிப்பைப் படிக்காமல் பெட்டியோடு எறிந்துவிடுவது பெரிய இழப்பு. புதுவீடு கட்டுபவர்கள் அதைத் தங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லிக் கேட்கலாம். சீலிங் அடித்து மூடுமுன் குழாயை ஒருமுறை நேரில் பார்க்கலாம். மூடிய பிறகு மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் முக்கால் அங்குல உறைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு மிகச் சொற்பம்.

இந்த உறையால் மின்கட்டணம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வடிநீர் வேலை முடித்து வெளியேறும் நீர். அதன் குளிரைக் காப்பதில் யந்திரத்துக்கு ஆதாயமில்லை. காஸ் ஓடும் செப்புக் குழாயின் கதை வேறு. அது இன்னும் குளிர்ந்தது, அங்கே இழக்கும் குளிர் பணமாகவே இழக்கப்படுகிறது. வடிகுழாயின் உறை காப்பது வீட்டை. உறையில்லாத ஒரு சிறிய குழாய் ஓர் இரவில் தரும் வியர்வை ஒரு தேநீர்க் கோப்பையளவு இருக்கலாம். தினமும் ஒரே இடத்தில் அந்த ஒரு கோப்பை விழுந்தால் ஜிப்சம் பலகை தொய்யும், பலகைச் சீலிங் கறுக்கும், ஈரமரத்தை மணந்து கறையான் ஏறும். மின்கம்பி அருகே இருந்தால் ஆபத்து வேறு.

குழாயைச் சரியாகச் சுற்றிய பின்னும் கறை வளர்ந்தால் சீலிங்கையே சந்தேகிக்க வேண்டும். அறையை 18 பாகைக்குக் குளிரவைத்தால், மெல்லிய சீலிங் பலகையின் மேற்பக்கமும் 25 பாகைக்குக் கீழே இறங்கிவிடும். கூரைக்கடிக் காற்றுக்கு அதுவும் ஒரு குளிர்ப்பரப்புத்தான். அங்கே துளி தொங்காது; பலகை முழுவதும் மெல்லப் பூத்து, சாம்பல் நிறப் பூஞ்சணம் படரும். இதற்கு மருந்து இரண்டு. சீலிங்கின்மேல் காவலி விரிப்பது ஒன்று. ஏசியை 26க்கு உயர்த்தி மின்விசிறியைச் சேர்த்துப் போடுவது மற்றது. இரண்டாவதற்குச் செலவே இல்லை, உடம்புக்கும் இதம்.

வெளியேறும் நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டு மணி நேரம் ஓடும் ஓர் ஏசி பன்னிரண்டு லீற்றர் வரை தரும். வற்றாத ஆறில்லாத, சுண்ணக்கல் பாறைக்குள் மழைநீரைச் சேமித்து வாழும், கேத்திலில் வெள்ளைக் காறை படியும் இந்த நிலத்தில் அது சுண்ணாம்போ உப்போ கலவாத மென்னீர். குடிநீருக்காகத் தாளையடியில் 2024இல் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கவேண்டி வந்த குடாநாட்டில், ஒவ்வொரு இரவும் சுவரோரம் வீணாக ஓடும் இந்தத் தண்ணீரைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. குடிக்கக் கூடாது, சுருளின் உலோகத் துணுக்கும் தட்டின் பாசியும் அதில் இருக்கும். வாழைக்கும் பூக்கன்றுக்கும் விடலாம், நிலம் கழுவலாம். குழாயின் வாயை நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி, சின்ன வலைத்துண்டு கட்டி, நீர் உடனே ஊறிப்போகும் மண்ணில் விழவிட வேண்டும். வாளி வைத்துச் சேர்ப்பவர்கள் அதை ஒவ்வொரு நாளும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறந்துபோக ஏழெட்டு நாட்களே போதும்.